பூந்தொட்டி ஒப்பனை

பூந்தொட்டி ஒப்பனை என்பது வெறுமையாக விற்கப்படும் மண், சிமெண்ட் தொட்டிகளுக்கு வண்ணம் பூசியும், கோலமிட்டும், கயிறு, துணி, கண்ணாடித் துண்டு முதலியவற்றை ஒட்டியும் அழகு சேர்க்கும் கைவினை. இன்று இது கோடை விடுமுறைப் பொழுதுபோக்காகவே பெரிதும் அறியப்படுகிறது. கொங்கு நாட்டில் பானைக்குக் கோடு போடும் பழக்கம் அதைவிட மிகப் பழையது.

முன்னோடிகள்

நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில் கருப்பு-சிவப்புப் பானைகளோடு செங்காவிப் பூச்சுள்ள ஓவியக் கலங்களும் கிடைத்தன. வெள்ளைக் குழம்பால் நேராகவும் அலையலையாகவும் கோடிழுத்துச் செங்காவி பூசிய கலங்கள் இவை. வெள்ளையும் காவியும் என்ற அந்த இணை இன்னும் விடவில்லை. பொங்கல் பானைக்கும் கோயில் மதிலுக்கும் அதுதான் நிறம்.

திருமண மேடையில் அடுக்கப்படும் அரசாணிப் பானைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மேலே வண்ணக் கோலம் எழுதுவார்கள். மாரியம்மன் நோன்பில் ஏந்தும் பூவோட்டுக்குப் பெயரில்தான் பூ, உள்ளே இருப்பது நெருப்பு. பூந்தொட்டிக்கு நெருங்கிய உறவு முளைப்பாலிகை: மண் கலத்தில் நவதானியம் முளைக்கவிட்டு, சடங்கு முடிந்ததும் நீரில் விடுவது. இவை எல்லாம் சில நாள் நின்றால் போதும். பூந்தொட்டியோ தினமும் தண்ணீர் குடித்து, வெயிலில் காய்ந்து, ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியது. பானைக்குச் சரிப்பட்ட பூச்சைத் தொட்டியில் அப்படியே பூசி ஏமாறுபவர்கள் இதை மறந்தவர்கள்.

மண் தொட்டியும் பூச்சும்

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. ஊற்றிய நீர் அவற்றின் வழியே வெளிப்பக்கம் கசிந்து ஆவியாகும். பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். தொட்டியின் வெளிப்புறத்தில் எனாமல் பூசினால் இந்த வழி அடைபடும். உள்ளேயிருந்து வரும் ஈரம் பூச்சைத் தள்ள, அது கொப்பளித்து உரியும். தொட்டி மட்டமானது என்று கடைக்காரரைக் குறை சொல்வதில் பயனில்லை.

உப்பு இன்னொரு தொல்லை. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக உள்ள இடங்களில் தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாகப் பொரிந்து நிற்கும். ஏற்கெனவே பயன்படுத்திய தொட்டியானால் ஒரு நாள் ஊறவைத்து, வினிகர் கலந்த நீரால் தேய்த்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்திய பிறகே தூரிகையைத் தொட வேண்டும்.

எனாமலைவிட அக்ரிலிக் எமல்ஷன் ஈரத்தைச் சற்றுத் தாங்கும். நீண்ட நாள் நிற்கவேண்டுமானால் உட்புறத்தில் நீர்க்காப்புப் பூச்சு கொடுக்கலாம். அடித்துளையை மட்டும் அடைத்துவிடக் கூடாது. எல்லாவற்றிலும் எளியது நீற்றிய சுண்ணாம்பு. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து அது மெல்லக் கல்லாக இறுகும், ஆனாலும் ஈரத்துக்கு வழிவிடும்.

பனியன் துணி

திருப்பூர் வட்டாரத்தில் பஞ்சமில்லாத பொருள் வெட்டுத் துணி. ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் தமிழ்நாடெங்கும் மெக்கானிக் கடைகளில் கை துடைக்கக் கிடைப்பதும் இதுவே. சிங்கிள் ஜெர்சித் துணியை அகலவாக்கில் ஒரு விரல் கனத்துக்கு நறுக்கி இழுத்தால் ஓரம் சுருண்டு தானே கயிறாகிவிடும், முறுக்க வேண்டியதில்லை. அதைத் தொட்டியைச் சுற்றி ஒட்டலாம். ஆனால் கசியும் மண் தொட்டியில் ஒட்டினால் துணி ஈரம் பிடித்துப் பூசணம் பூக்கும். செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, துணி சுற்றியதை வெளிக்கூடாக மட்டும் வைப்பதே சரி. நேர்வெயிலில் சாயம் வெளுக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

துணியையே தொட்டியாக்குவதும் உண்டு. சிமெண்டும் சலித்த மணலும் தோசைமாவுப் பதத்தில் கரைத்து, நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை அதில் முக்கி, பாலித்தீன் போர்த்திக் கவிழ்த்த வாளியின்மேல் விரிக்கிறார்கள். பாலியஸ்டர் குழம்பை உறிஞ்சாது. பின்னலாடைத் துணி பாரத்தில் இழுபடும். மடிப்புகள் நீண்டு தொங்கும். சிலருக்கு அதுதான் அழகு, வேண்டாதவர்கள் பழைய துண்டை எடுக்கலாம். துணி வாளியின் அடியில் படும் இடத்தில், இறுகுமுன்பே துளை போட்டுவிட வேண்டும். இரண்டு நாளில் கழற்றி, ஒரு வாரம் தண்ணீர் தெளித்து ஆற்ற வேண்டும். புதுச் சிமெண்டின் காரம் வேரைச் சுடும் என்பதால், பலமுறை நீர் நிரப்பிக் கொட்டியபின்தான் செடி வைப்பது.

பூண்டியும் கல்லும்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் இடையிலுள்ள திருமுருகன்பூண்டி, சுந்தரர் பாடிய முருகநாதர் கோயிலாலும் கற்சிற்பக் கூடங்களாலும் அறியப்பட்ட ஊர். உளிவேலையில் உதிரும் கல்தூளை மணலுக்குப் பதிலாக மேற்சொன்ன குழம்பில் கலந்தால் தொட்டிக்குச் சொரசொரப்பான, கல் போன்ற முகம் வரும். அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டே கையாள வேண்டும்.

கிரைண்டர் வந்தபின் மூலையில் கிடக்கும் ஆட்டுக்கல்லிலும் உரலிலும் செடி வைக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அவற்றுக்கு வண்ணம் தேவையில்லை. கொத்திய கல்லின் முகமே போதும். குறை ஒன்றுதான்: குழியின் அடியில் துளை கிடையாது, மழைநீர் தேங்கி வேர் அழுகும். கல்வேலை தெரிந்தவர் துளைத்துத் தர வேண்டும். பூண்டியில் அதற்கு ஆளைத் தேடி அலைய வேண்டியதில்லை.