பியர் வகைகள்

பியர் வகைகள் என்பன நிறம், மணம், சுவை, கசப்பு, ஆல்ககால் அளவு, தயாரிப்பு முறை, தோன்றிய இடம் ஆகியவற்றின் அடிப்படையில் பியரைப் பகுத்து வழங்கும் பெயர்கள் ஆகும். முளைகட்டிய தானியத்தின், பெரும்பாலும் வாற்கோதுமையின், சர்க்கரைச் சாற்றை ஈஸ்ட் எனப்படும் மதுவத்தால் நொதிக்கச் செய்து பெறப்படும் பானமே பியர். பில்சுனர், போர்ட்டர், ஸ்டவுட், பேல் ஏல், கோதுமை பியர், லாம்பிக் ஆகியன பரவலாக அறியப்பட்ட வகைகளுள் சில.

இவற்றுள் பலவற்றை எவரும் திட்டமிட்டுப் படைக்கவில்லை. ஓர் ஊரின் நிலத்தடி நீர், தட்பவெப்பம், அங்கு விளைந்த தானியம், அரசு விதித்த வரி, இயற்றிய சட்டம் ஆகியன சேர்ந்தே ஒவ்வொரு வகைக்கும் அதன் இயல்பைக் கொடுத்தன. அக்காரணிகள் மாறியபோது சில வகைகள் உலகெங்கும் பரவின; சில அழிந்தன; அழிந்தவற்றுள் சில பின்னர் மீட்டெடுக்கப்பட்டன.

மூலப்பொருட்களும் வகை வேறுபாடும்

பியரின் அடிப்படைப் பொருட்கள் நான்கு: நீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட்.

நீர்: பியரின் பெரும்பகுதி நீரே ஆகும். நீரில் கரைந்துள்ள உப்புகள் சுவையைப் பெரிதும் மாற்றுகின்றன. இங்கிலாந்தின் பர்ட்டன் நகரக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. அதிலுள்ள சல்பேட்டு, ஹாப்ஸின் கசப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டும். இலண்டன், டப்ளின், மியூனிக் நகரங்களின் நீர் கார்பனேட்டு மிகுந்தது. வறுத்த கரிய மால்ட்டின் அமிலத்தன்மை அந்நீரின் காரத்தன்மையைச் சமன் செய்வதால், இந்நகரங்களில் கருநிற பியர்களே சிறப்பாக அமைந்தன. செக் நாட்டின் பில்சன் நகர நீர் மிகவும் மென்மையானது. வெளிர்நிற பியருக்கு ஏற்றது.

மால்ட்: தானியத்தை நீரில் ஊறவைத்து, முளைகட்டச் செய்து, வெப்பத்தால் உலர்த்தினால் மால்ட் கிடைக்கும். உலர்த்தும் வெப்பநிலைக்கு ஏற்ப அதன் நிறம் வெளிர் மஞ்சள் முதல் கருமை வரை மாறும். பழங்காலத்தில் விறகுத் தீயில் உலர்த்தியதால் மால்ட்டில் புகைமணம் ஏறியது. 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கல்கரி பயன்பாட்டுக்கு வந்த பின்னரே புகைமணமற்ற வெளிர் மால்ட்டைச் சீராகப் பெற முடிந்தது.

ஹாப்ஸ்: இது ஒரு கொடித் தாவரத்தின் கூம்பு வடிவப் பெண் பூங்கொத்து ஆகும். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவதுடன், கெடுக்கும் பாக்டீரியாக்கள் பெருகுவதையும் தடுக்கிறது. ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னர் ஐரோப்பாவில் பலவகை மூலிகைக் கலவைகள் பயன்படுத்தப்பட்டன.

ஈஸ்ட்: இது சர்க்கரையை ஆல்ககாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாற்றும் நுண்ணுயிர். பியரின் இரு பெரும் பிரிவுகளான ஏல், லாகர் என்பன ஈஸ்ட்டின் அடிப்படையில் அமைந்தவை. நிறத்தைக் கொண்டு இவற்றைப் பிரிப்பது தவறு. கருநிற லாகரும் உண்டு, பொன்னிற ஏலும் உண்டு.

ஏல் வகைகள்

ஏல் ஈஸ்ட் ஏறத்தாழ 15 முதல் 24 பாகை செல்சியசு வெப்பநிலையில் விரைவாகச் செயற்படும். நொதித்தலின்போது மேற்பரப்பில் நுரையாகத் திரளும். இதனால் இம்முறை மேல் நொதித்தல் எனப்படுகிறது. இதில் உருவாகும் எசுத்தர்கள் பழமணத்தைத் தருகின்றன.

போர்ட்டரும் ஸ்டவுட்டும்

போர்ட்டர் 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் தோன்றிய கரும்பழுப்பு நிற பியர். நகரின் சுமைதூக்கும் தொழிலாளர்கள் விரும்பிப் பருகியதால் இப்பெயர் பெற்றது. பெருந்தொட்டிகளில் பல மாதங்கள் முதிரச் செய்யப்பட்டது. இத்தொட்டிகளின் அளவை 1814 ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நடந்த விபத்திலிருந்து அறியலாம். அன்று இலண்டன் ஆலையொன்றில் போர்ட்டர் தொட்டி உடைந்து, வெள்ளம் அருகிலிருந்த ஏழைக் குடியிருப்புகளுக்குள் பாய்ந்ததில் 8 பேர் உயிரிழந்தனர்.

1817 ஆம் ஆண்டு டேனியல் வீலர் என்பவர் உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர், விலை குறைந்த பழுப்பு மால்ட்டைப் பெருமளவில் சேர்ப்பதற்குப் பதிலாக, வெளிர் மால்ட்டுடன் சிறிதளவு கரிய மால்ட்டைச் சேர்த்தே போர்ட்டர் செய்ய முடிந்தது. வலிமையான போர்ட்டர் 'ஸ்டவுட் போர்ட்டர்' எனப்பட்டது. காலப்போக்கில் பின்னொட்டு நீங்கி ஸ்டவுட் என்பதே தனிவகையின் பெயராயிற்று. டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759 ஆம் ஆண்டில் தொடங்கிய ஆலை இதன் பெயர்பெற்ற தயாரிப்பாளர் ஆகும். ஐரிய ஸ்டவுட்டின் காப்பி போன்ற சுவைக்கு, முளைகட்டாமல் வறுத்த வாற்கோதுமை காரணம்.

ஸ்டவுட் குளிர்நாடுகளோடு நின்றுவிடவில்லை. ஏற்றுமதிக்காக வலிமை கூட்டிச் செய்யப்பட்ட ஸ்டவுட், யமைக்கா, இலங்கை முதலிய வெப்ப நாடுகளில் வேரூன்றி, உள்ளூரிலேயே தயாரிக்கப்படலாயிற்று. இனிப்பு மிகுந்த இவ்வகை 'வெப்பமண்டல ஸ்டவுட்' என இன்று தனியாக வகைப்படுத்தப்படுகிறது. பிரித்தானியர் ஆட்சிக் காலத்தில் நுவரெலியாவில் தொடங்கிய பியர்த் தொழிலின் வழிவந்த இலங்கையின் லயன் ஸ்டவுட் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு ஆகும். இதன் ஆல்ககால் அளவு 8 விழுக்காட்டுக்கும் மேல்.

இந்தியா பேல் ஏல்

கல்கரியால் உலர்த்திய வெளிர் மால்ட்டில் செய்யப்பட்டது பேல் ஏல். இவ்வகை 18 ஆம் நூற்றாண்டிலேயே கல்கத்தா, மதராஸ் முதலிய துறைமுகங்களுக்குக் கப்பலேறியது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும் பயணம் பல மாதங்கள் நீடித்தது. நிலநடுக்கோட்டை இருமுறை கடக்க வேண்டியிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகில் இருந்த ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் போ ஆலை, தொடக்கத்தில் இவ்வணிகத்தில் முன்னணியில் இருந்தது. 1820களில், உருசியா விதித்த சுங்க வரியால் பால்டிக் சந்தையை இழந்த பர்ட்டன் நகரத்தார் இந்தியாவின் பக்கம் திரும்பினர். சாமுவேல் ஆல்சாப் முதலியோர் பர்ட்டன் நீரில் செய்த ஏல், ஹாட்ஜ்சனின் ஏலை விடச் சிறந்ததாக விளங்கியது.

பிற பியர்கள் பயணத்தில் கெட்டதால் ஹாட்ஜ்சன் இவ்வகையைக் கண்டுபிடித்தார் என்னும் கதை பரவலாகக் கூறப்படுகிறது. இது சரியன்று. அதே காலத்தில் போர்ட்டரும் பெருமளவில் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. படைவீரர்கள் பெரும்பாலும் அதையே பருகினர். பேல் ஏல் அதிகாரிகள், வணிகர்கள் ஆகியோரின் பானமாக இருந்தது. 'கிழக்கிந்திய பேல் ஏல்' என்ற பெயர் 1829 ஆம் ஆண்டு ஆத்திரேலியச் செய்தித்தாள் விளம்பரம் ஒன்றில் காணப்படுகிறது.

ஜெர்மானிய ஏல் வகைகள்

பவேரியாவின் கோதுமை பியரில் குறைந்தது பாதியளவு கோதுமை மால்ட் இருக்கும். இதன் ஈஸ்ட் வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் தருகிறது. பழமோ கிராம்போ சேர்க்கப்படுவதில்லை. கோல்ன் நகரின் கோல்ஷ் பொன்னிறமானது. டூசல்டார்ஃப் நகரின் ஆல்ட் செம்பழுப்பு நிறமுடையது. இரண்டும் மேல் நொதித்தலுக்குப் பின் லாகர் போலக் குளிரில் முதிர்பவை. பெர்லினர் வைசு, லாக்டிக் அமிலத்தால் புளிப்பேறிய, ஆல்ககால் குறைந்த கோதுமை பியர் ஆகும்.

லாகர் வகைகள்

லாகர் என்னும் பெயர் 'சேமித்து வைத்தல்' எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. லாகர் ஈஸ்ட் ஏறத்தாழ 7 முதல் 13 பாகை செல்சியசில் மெதுவாகச் செயற்பட்டு, அடியில் படியும். பின்னர் உறைநிலைக்கு அருகில் பல வாரங்கள் முதிரவிடப்படும். இதனால் பழமணம் குறைந்து, தெளிவான சுவை கிடைக்கிறது.

இவ்வகை பரவுவதற்குச் சட்டமும் ஒரு காரணமாயிற்று. 1516 ஆம் ஆண்டு பவேரியக் கோமகன்கள் பிறப்பித்த தூய்மைச் சட்டம் வாற்கோதுமை, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. ஈஸ்ட்டைப் பற்றிய அறிவு அக்காலத்தில் இல்லாததால் அதன் பெயர் இடம்பெறவில்லை. ரொட்டிக்குரிய கோதுமையைக் காப்பதும் இச்சட்டத்தின் நோக்கங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1553 ஆம் ஆண்டு ஆணை, ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பியர் காய்ச்சுவதைத் தடை செய்தது. குளிர்காலத்தில் மட்டுமே காய்ச்ச முடிந்ததால், குளிரில் வாழும் ஈஸ்ட் தானாகவே முதன்மை பெற்றது.

லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம் ஆகும். அதன் ஒரு பெற்றோர் ஏல் ஈஸ்ட். குளிர் தாங்கும் மற்றொரு பெற்றோர் 2011 ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் பட்டகோனியக் காடுகளில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது.

பில்சுனர்

பில்சன் நகரில் 1838 ஆம் ஆண்டில் கெட்டுப்போன பியர்ப் பீப்பாய்கள் 36 நகர மன்றத்தின் முன் கொட்டப்பட்டன எனக் கூறுவர். மனம் வெறுத்த குடிமக்கள் பொதுவில் ஒரு புதிய ஆலையை எழுப்பினர். பவேரியாவிலிருந்து அழைக்கப்பட்ட யோசப் குரோல் 1842 ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று முதல் பியரைக் காய்ச்சினார். இங்கிலாந்து முறையில் உலர்த்திய வெளிர் மால்ட், பவேரிய ஈஸ்ட், அருகிலுள்ள சாட்டெசு பகுதியின் ஹாப்ஸ், பில்சனின் மென்நீர் ஆகிய நான்கும் ஒன்று சேர்ந்தபோது, பொன்னிறமான தெளிந்த லாகர் கிடைத்தது. தொடர்வண்டிப் பாதைகளும் 1870களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் பொறியும் இதனை உலகெங்கும் கொண்டு சென்றன. பெயரைப் பலரும் பயன்படுத்தத் தொடங்கியதால், மூல ஆலை 'மூல ஊற்று' எனப் பொருள்படும் ஊர்க்கெல் என்னும் அடைமொழியைச் சேர்த்து 1898 ஆம் ஆண்டில் பதிவு செய்தது. இன்று உலகில் விற்கப்படும் பெரும்பாலான பியர்கள் பில்சுனரின் வழிவந்த வெளிர் லாகர்களே.

பிற லாகர் வகைகள்

வியன்னா லாகர்: 1841 ஆம் ஆண்டில் ஆன்டன் டிரேயர் அறிமுகப்படுத்திய செம்பொன் நிற லாகர்.
ஹெல்லசு: பில்சுனருக்கு ஈடாக மியூனிக்கில் 1894 ஆம் ஆண்டு வெளிவந்தது, கசப்புக் குறைந்தது.
டுங்கெல்: மியூனிக்கின் மரபான கரும்பழுப்பு லாகர், ரொட்டிச் சுவை உடையது.
பாக்: ஐன்பெக் நகரப் பெயரின் திரிபு, வலிமையானது. ஜெர்மன் மொழியில் ஆட்டுக்கடா என்றும் பொருள்படுவதால் இதன் அடையாளச் சீட்டுகளில் ஆடு இடம்பெறும்.
ரவுக்பியர்: பாம்பெர்க் நகரின் புகைமண பியர். கல்கரிக்கு முந்தைய சுவையை இன்றும் தாங்கி நிற்பது.

தன்னியல்பு நொதித்தல்

பெல்ஜியத்தின் பிரசெல்சு நகரை அடுத்த சென் ஆற்றுப் பகுதியில் செய்யப்படும் லாம்பிக், ஏல், லாகர் என்னும் இரு பிரிவுகளிலும் அடங்காது. இதில் ஈஸ்ட் தனியாகச் சேர்க்கப்படுவதில்லை. கொதிக்கவைத்த சாறு ஆழமற்ற அகன்ற தொட்டியில் இரவு முழுதும் திறந்து வைக்கப்படும். காற்றிலும் மரப் பீப்பாயிலும் உள்ள நுண்ணுயிர்கள் நொதித்தலைத் தொடங்கும். குளிர்ந்த மாதங்களில் மட்டுமே இவ்வாறு செய்வர். கசப்பு மறைந்த பழைய ஹாப்ஸ் இதில் பயன்படுத்தப்படுகிறது. ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் மீண்டும் நொதிக்கச் செய்தால் குசு எனப்படும். செரிப்பழம் சேர்த்தால் கிரீக் எனப்படும்.

பெல்ஜியத்தின் வலிமையான ஏல்களின் செல்வாக்குக்கும் சட்டம் ஒரு காரணம் எனக் கூறப்படுகிறது. 1919 ஆம் ஆண்டில் மதுக்கடைகளில் சாராய வகைகளைப் பருகத் தடை வந்தபோது, வலிமையான பியருக்குத் தேவை பெருகியது. சிசுடர்சியத் துறவிகளின் மடங்களில் செய்யப்படும் டிராப்பிஸ்ட் ஏல்கள் இவற்றுள் புகழ்பெற்றவை.

அழிவும் மீட்சியும்

முதல் உலகப் போரின் தானியத் தட்டுப்பாடு, அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கு, பெருநிறுவனங்களின் வெளிர் லாகர் ஆகியன பல வட்டார வகைகளை அழித்தன. பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில், கொத்தமல்லியும் ஆரஞ்சுத் தோலும் சேர்ந்த வெள்ளைப் பியரைச் செய்த கடைசி ஆலை 1957 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவ்வூரில் பால்காரராக இருந்த பியர் செலிசு 1966 ஆம் ஆண்டில் அதனை மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். உப்பும் கொத்தமல்லியும் சேர்த்த லைப்சிக் நகரின் கோசே 1966 ஆம் ஆண்டில் நின்றுபோய், 1980களில் மீண்டது. புகையூட்டிய கோதுமையால் செய்யப்படும் போலந்தின் குரோட்சிஸ்கே 1993 ஆம் ஆண்டில் நின்று, பின்னர் ஆர்வலர்களால் மீட்கப்பட்டது.

இங்கிலாந்தில் மரபான ஏலைக் காக்க 1971 ஆம் ஆண்டில் நுகர்வோர் இயக்கம் ஒன்று தோன்றியது. ஆங்கில எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் 1977 ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக பியர் வழிகாட்டி நூல், 'வகை' என்னும் கருத்தைப் பரவலாக்கியது. அமெரிக்காவில் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டில் பியர் காய்ச்சுவதை அனுமதித்தது. அவ்வழி வந்த சிற்றாலைகள், இங்கிலாந்தில் மங்கிப்போன இந்தியா பேல் ஏலை அமெரிக்க ஹாப்ஸின் நாரத்தை மணத்துடன் புதுப்பித்தன.

அளவீடுகள்

ஆல்ககால் அளவு, மொத்தக் கனவளவில் எத்தனை விழுக்காடு எனக் குறிக்கப்படும். பெர்லினர் வைசில் இது ஏறத்தாழ 3 விழுக்காடு. பில்சுனரில் 4 முதல் 5. வலிமையான ஸ்டவுட்டில் 8 முதல் 12. கசப்பு, பன்னாட்டுக் கசப்பு அலகால் அளக்கப்படும். கோதுமை பியரில் 8 முதல் 15 அலகும், இந்தியா பேல் ஏலில் 40 முதல் 70 அலகும் காணப்படும்.

வகைப்பாட்டின் வரம்புகள்

வகைப் பெயர்கள் நிலையானவை அல்ல. ஆங்கிலத்தில் ஏல் என்பது ஒருகாலத்தில் ஹாப்ஸ் சேர்க்காத பானத்தையும், ஸ்டவுட் என்பது எந்நிறத்து வலிமையான பியரையும் குறித்தன. சட்டப் பாதுகாப்பும் ஒரே சீராக இல்லை. கோல்ஷ் என்னும் பெயர் 1997 ஆம் ஆண்டு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் பாதுகாப்புப் பெற்றுள்ளது, பில்சுனரோ பொதுப்பெயராகிவிட்டது. வெளிநாட்டுப் பியர்கள் மீது தூய்மை விதியைத் திணிப்பது செல்லாது என ஐரோப்பிய நீதிமன்றம் 1987 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. நீரின் உப்புகளை வேண்டியவாறு மாற்றவும், எந்நாட்டு ஈஸ்ட்டையும் வளர்க்கவும் இன்று இயலும். ஆகவே எந்த வகையையும் எந்த ஊரிலும் காய்ச்சலாம். எனினும் அவ்வகைகள் தோன்றிய ஊர்களின் நீரையும் காலநிலையையும் சட்டத்தையும் அவற்றின் சுவை இன்றும் நினைவூட்டுகிறது.

இவற்றையும் பார்க்க

நொதித்தல்
வாற்கோதுமை
ஈஸ்ட்
கிழக்கிந்தியக் கம்பனி