கொத்தரிசியும் வாக்குச்சீட்டும்

“மக்கள் இப்போதுதான் விழித்துக்கொண்டார்கள்” என்று 2024ஆம் ஆண்டுத் தேர்தல்களுக்குப் பின்னர் பலரும் எழுதினார்கள், மேடைகளிலும் பேசினார்கள். இக்கூற்றினுள் ஒரு பழைய பழி ஒளிந்திருக்கிறது. அதுவரை மக்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அரிசிக்கும் சீனிக்கும் வாக்கை விற்றார்கள் என்பதே அது. இந்நாட்டின் தேர்தல் வரலாற்றைப் புரட்டினால் இந்தப் பழி பொருந்தாது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1931இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் சர்வசன வாக்குரிமை நமக்குக் கிடைத்தது. பிரித்தானியப் பெண்கள் ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை பெற்று அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. அன்றைய அரசாங்க சபையில் கட்சி ஆட்சி இருக்கவில்லை. உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து பணியாற்றினர். ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்த தலைவரே அமைச்சரானார். மட்டக்களப்பு தெற்கிலிருந்து தெரிவான எச்.எம். மாக்கான் மாக்கார் அவ்வாறு அமைச்சரானவரே. அம்முறையைப் பொற்காலமாக்கிப் பேசவும் முடியாது. 1936இல் அமைச்சர்கள் எழுவரும் சிங்களவராகவே அமைந்தனர். 1947இல் பாராளுமன்றமும், அதனோடு கட்சி ஆட்சியும் வந்தன.

அதன் பின்னர் அரசியல் கூப்பன் கடையோடு பிணைந்துகொண்டது. 1952இல் கூப்பன் அரிசி 25 சதத்துக்குக் கிடைக்கும் என்று சொல்லி ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. மறு ஆண்டே விலை 70 சதமாகியது. 1953 ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு ஹர்த்தாலில் முடங்கியது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாகின, பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். 1956இல் அக்கட்சிக்கு மிஞ்சியது எட்டு ஆசனங்கள். அத்தேர்தலில் மொழி அலையே முதன்மையானது என்பது உண்மை. ஆயினும் 70 சதத்தையும் மக்கள் மறந்திருக்கவில்லை.

1956, 1960 மார்ச், 1960 ஜூலை, 1965, 1970, 1977 என ஆறு பொதுத்தேர்தல்களிலும் பதவியில் இருந்த அரசாங்கம் தோற்கடிக்கப்பட்டது. 1970இல் 85 சதவீதத்துக்கும், 1977இல் 86 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். உலகில் இத்தனை ஒழுங்காக ஆட்சியாளரை வீட்டுக்கு அனுப்பிய வாக்காளர் அரிது. இவர்களையா தூங்கினார்கள் என்பது?

அவர்களுக்குக் கிடைத்த பலன் என்ன என்பதே என் கேள்வி. 1966இல் டட்லி அரசாங்கம் இரண்டு கொத்து அரிசியை ஒரு கொத்தாக்கி, அதை இலவசமாக்கியது. 1970இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அணி, சந்திரனிலிருந்தாவது கொண்டுவந்து இரண்டாவது கொத்தைத் தருவோம் என்றது. சில ஆண்டுகளில் பாணுக்கும் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 1977இல் ஜே.ஆர். ஜயவர்தன வாரத்துக்கு எட்டு இறாத்தல் தானியம் என்றார். 1979இல் கூப்பன் அரிசியே போய் உணவு முத்திரை வந்தது.

அரிசியை விடப் பெரிய விடயங்களிலும் இதே கதைதான். 1957இல் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தபோது ஜே.ஆர். கண்டிக்குப் பாதயாத்திரை போனார். 1965இல் டட்லி–செல்வநாயகம் ஒப்பந்தம் வந்தபோது சுதந்திரக் கட்சியும் அதன் இடதுசாரித் தோழர்களும் தெருவில் இறங்கினர். எதிர்க்கட்சியில் இருப்பவர் கிழிப்பதும், ஆளுங்கட்சியானதும் அதையே எழுத முனைவதும் வழக்கமாகின. ஒரு கட்சி 1972 அரசியலமைப்பைக் கொண்டு தன் ஆட்சிக் காலத்தை 1977 வரை நீட்டிக்கொண்டது. அதைக் கண்டித்த மற்றைய கட்சி, 1982 டிசெம்பரில் விளக்கும் குடமும் சின்னமாக ஒரு சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பொதுத்தேர்தலே இல்லாமல் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறு ஆண்டுகள் நீட்டியது.

கிழக்கில் எங்கள் ஊரில் இந்த அரசியல் இரண்டு நிறங்களாகவே வந்து சேர்ந்தது. பச்சைக் குடும்பங்கள், நீலக் குடும்பங்கள். சம்பந்தம் பேசும்போதுகூட நிறம் பார்த்தவர்கள் உண்டு. 1977க்குப் பின் தொழில் வங்கி என்ற திட்டத்தில் எம்.பி.மார் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் விண்ணப்பப் படிவங்கள் கொடுக்கப்பட்டன. என் மூத்த காக்கா நன்றாகப் பரீட்சை எழுதியவர். படிவம் ஒன்று கேட்டு வாப்பா மூன்று தடவை எம்.பி.யின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். நாங்கள் நீலம் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம். படிவம் கிடைக்கவில்லை. காக்கா கடைசியில் கட்டாருக்குப் போனார். வாக்களிப்பவன் உரிமையுள்ள பிரஜையாக இல்லாமல் ஒரு துண்டுக் கடிதத்துக்குக் கையேந்துபவனாக மாறியது இப்படித்தான்.

இந்த இரு நிறங்களிலிருந்தும் விடுபடலாம் என்ற நம்பிக்கையோடுதான் 1981இல் காத்தான்குடியில் தொடங்கப்பட்ட முஸ்லிம் காங்கிரஸை எங்கள் தலைமுறை வரவேற்றது. விகிதாசாரத் தேர்தலின் வெட்டுப்புள்ளி 1988இல் 12.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டதில் எம்.எச்.எம். அஷ்ரஃபின் பேரம்பேசலுக்குப் பெரும் பங்குண்டு. சிறிய கட்சிகள் எல்லாவற்றுக்கும் அது பயன் தந்தது. 2000 செப்டெம்பர் 16இல் அவர் ஹெலிகொப்டர் விபத்தில் காலமான பின்னர் கட்சி துண்டு துண்டானது. “என்ன வேண்டும்” என்ற கேள்வி போய், “யாரோடு சேர்வது, எந்த அமைச்சு” என்ற கேள்வியே மிஞ்சியது. அதன் உச்சத்தை 2020 ஒக்டோபரில் கண்டோம். கொவிட்டைக் காரணம் காட்டி எங்கள் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், முஸ்லிம் வாக்குகளால் தெரிவான எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சிலர் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆம் திருத்தத்துக்குக் கையுயர்த்தினர். எரிப்பு 2021 பெப்ரவரி வரை தொடர்ந்தது.

நிறைவேற்று ஜனாதிபதி முறையின் கதையும் இவ்வாறானதே. 1995 ஜூலை 15க்குள் அதை ஒழிப்பதாகச் சொன்ன சந்திரிகா குமாரதுங்கவுக்கு 1994இல் மக்கள் 62 சதவீத வாக்குகளை அள்ளிக் கொடுத்தனர். அம்முறை ஒழியவில்லை. 2010இல் 18ஆம் திருத்தம் இரு தவணை வரம்பையும் நீக்கியது. 2015இல் மக்கள் மீண்டும் மாற்றத்துக்கு வாக்களித்தனர், 19ஆம் திருத்தம் அதிகாரத்தை ஓரளவு குறைத்தது. ஐந்தே ஆண்டுகளில் 20ஆம் திருத்தம் அதைத் திருப்பியது.

ஆகவே 2022இல் காலிமுகத்திடலில் திரண்டவர்களை நான் திடீரென விழித்தவர்களாகப் பார்க்கவில்லை. அந்த ரமழானில் அங்கே சிங்கள, தமிழ் இளைஞர்கள் பக்கத்தில் அமர்ந்திருக்க நம்மவர்கள் நோன்பு திறந்தார்கள். ஜூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடினார். 2015இல் 106 ஆசனங்கள் பெற்ற ஐ.தே.க. 2020இலேயே ஒன்றாகச் சுருங்கிவிட்டிருந்தது. 2020இல் 145 ஆசனங்கள் பெற்ற பொதுஜன பெரமுன 2024இல் மூன்றானது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீத வாக்குகளுடன் முதலிடம் பெற்று, இரண்டாம் விருப்புக் கணக்கெடுப்பின் பின் ஜனாதிபதியானார். தேசிய மக்கள் சக்தி நவம்பரில் 159 ஆசனங்களை வென்றது. முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகள் 2025இல் சட்டமூலம் நீக்கப்பட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் 2024 நவம்பரில் பதவியேற்ற அமைச்சரவையில் முஸ்லிம் ஒருவரும் இருக்கவில்லை என்பதையும் நாம் கவனித்தோம். 1936ஐ நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

இவ்வரலாறு எனக்குச் சொல்வது ஒன்றுதான். ஆளை மாற்றுவதில் நம் வாக்காளர் கைதேர்ந்தவர். வென்றவரின் கையைக் கட்டும் விதிகளைக் காப்பதில்தான் நாம் தளர்ந்துவிடுகிறோம். 2023 மார்ச்சில் நடக்கவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று ஒத்திவைக்கப்பட்டு, 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊர்களில் கேள்வி கேட்கத் தவிசாளரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அந்தத் தாமதம் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது. அரிசி விலை ஏறியபோது ஹர்த்தால் செய்த நாடு, வாக்கே பறிபோனபோது அந்த அளவுக்குக் கொதிக்கவில்லை. புதிய ஆட்சியாளரும் ஜனாதிபதி முறையை ஒழிப்பதாக எழுத்தில் தந்திருக்கிறார்கள். அதை அடுத்த தேர்தல் மேடைவரை தள்ளிப்போடாமல், இப்போதே, நமக்குப் பிடித்த கட்சியாயினும், கேட்டுக்கொண்டிருக்க வேண்டியது நம் பொறுப்பு.