கார்ல்ஸ்பெர்க் பீர் நோயும் தூய ஈஸ்ட் வளர்ப்பும்

1883ஆம் ஆண்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரை ஒட்டியிருந்த பழைய கார்ல்ஸ்பெர்க் ஆலையின் பீர் கெட்டுப்போனது. அதில் விரும்பத்தகாத கசப்பும் வாடையும் ஏறியிருந்தன. ஐரோப்பிய ஆலைகளில் அடிக்கடி நேர்ந்த இத்தகைய கேட்டை அக்காலத்தார் ‘பீர் நோய்’ என்று அழைத்தனர். கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் (1842–1909) இதன் காரணத்தைத் தேடியபோது, ஈஸ்டைக் கெடுத்தது இன்னொரு ஈஸ்டே என்று கண்டறிந்தார். ஒரே செல்லிலிருந்து பெருக்கிய தூய ஈஸ்டைக் கொண்டு பீர் வடிக்கும் முறை இதிலிருந்து பிறந்தது.

பின்னணி

ஈஸ்ட் (மதுவம்) என்பது சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் ஒருசெல் பூஞ்சை. முளைகட்டிய பார்லியை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் பூக்களுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்தால் அது நொதித்துப் பீராகிறது. தொட்டியில் தங்கும் ஈஸ்டில் ஒரு பகுதியை எடுத்துவைத்து அடுத்த முறைக்குப் பயன்படுத்துவர். நம் வீடுகளில் நேற்றைய தயிரைக் கொண்டு இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவது போன்றதே இது. அதன் குறையும் ஒன்றுதான்: உறைமோரில் வேண்டாதது ஒன்று புகுந்துவிட்டால் அடுத்தடுத்த நாள் தயிரும் கெடும்.

கார்ல்ஸ்பெர்க்கின் ‘உறை’ ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆலையைப் பின்னர் 1847இல் நிறுவிய ஜே. சி. யாக்கோப்சன், 1845இல் மியூனிக்கின் ஸ்பாட்டன் ஆலையிலிருந்து ஈஸ்டைக் கொண்டுவந்தார். குளிரில் மெல்ல நொதித்து அடியில் படியும் வகை அது. வழியில் குதிரை வண்டி நின்ற இடங்களிலெல்லாம் இறங்கி, ஈஸ்ட் இருந்த பாத்திரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்தார் என்று சொல்லப்படுகிறது. அந்த ஈஸ்டின் வழிவந்ததை நம்பித்தான் ஆலை முப்பத்தாறு ஆண்டுகள் நடந்தது.

பாஸ்டர் சொன்ன காரணம்

பீர் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு அன்று தெளிவான விடை தந்தவர் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர். 1871இல் லண்டனின் விட்பிரெட் ஆலைக்குச் சென்ற அவர், அங்கிருந்த ஈஸ்டை நுண்ணோக்கியில் பார்த்து அதில் வேற்று நுண்ணுயிர்கள் கலந்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1876இல் வெளியான பீர் பற்றிய நூலில், பாக்டீரியா போன்ற வேற்று உயிரிகளே நோய்க்குக் காரணம் என்று விளக்கினார். ஈஸ்டைத் தூய்மைப்படுத்த, டார்டாரிக் அமிலம் சேர்த்த சர்க்கரைக் கரைசலில் அதை வளர்க்கும் வழியையும் கூறினார்.

பாஸ்டர் சொன்னதில் தவறில்லை. அது முழு விடை அல்ல, அவ்வளவே. பாக்டீரியா ஈஸ்டைவிட மிகச் சிறியது, வடிவிலும் வேறுபட்டது, நுண்ணோக்கியில் பிடிபட்டுவிடும். ஈஸ்டுக்குள் ஒளிந்த ஈஸ்டைப் பார்வையால் பிரிப்பது அரிது.

ஹான்சனின் தேடல்

ரீபே என்ற சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த ஹான்சன், வீடுகளுக்கு வண்ணம் பூசும் தொழிலாளியாகவும் ஆசிரியராகவும் இருந்து படித்து முன்னேறியவர். கார்ல்ஸ்பெர்க்கில் சேர்ந்தபின் கனிமரங்களின் அடியில் உள்ள மண்ணையும் ஆராய்ந்தார். கனிகளில் வாழும் ஒருவகை ஈஸ்ட் குளிர்காலத்தை மண்ணில் கழித்து, பின்பு கனிகளுக்குத் திரும்புவதைக் காட்டினார். காட்டு ஈஸ்டுகள் காற்றில் மிதந்து வருபவை என்றால், சுடு சாற்றை ஆழமில்லாத அகன்ற திறந்த தொட்டிகளில் ஆறவிட்ட அக்கால ஆலைகளின் கதவு அவற்றுக்கு எப்போதும் திறந்தேயிருந்தது.

இதை மெய்ப்பிக்க ஒரே ஒரு செல்லிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. செல்களை எண்ணி, கலவையை நீர்க்கவைத்துப் பல குடுவைகளில் பிரித்து ஊற்றினார். சில குடுவைகளில் ஒன்றுமே வளராது. அடியில் ஒரே ஒரு வெண்புள்ளி தோன்றும் குடுவையில் உள்ளது ஒரு செல்லின் வம்சம் எனக் கொள்ளலாம். பின்னர் ராபர்ட் கோக்கின் ஜெலட்டின் முறையைத் தழுவி, தனிச் செல்லைக் கண்முன்னே குறித்துவைத்து வளர்த்தார்.

ஆலையின் ஈஸ்டிலிருந்து இவ்வாறு நான்கு வகைகள் பிரிந்தன. அவற்றுள் ஒன்று மட்டுமே நல்ல பீரைத் தந்தது. காட்டு ஈஸ்டை வேண்டுமென்றே கலந்து பார்த்தபோது கசப்பும் வாடையும் திரும்பி வந்தன. வேறு சில வகைகள் பீரைக் கலங்கச் செய்தன. பாஸ்டரின் அமில முறை காட்டு ஈஸ்டுகளுக்கே சாதகமாக அமைகிறது என்பதும் தெரியவந்தது. மருந்தென்று கொடுத்தது நோயை வளர்த்திருக்கிறது.

1883 நவம்பர் 12 அன்று தூய ஈஸ்ட் முதன்முறையாக ஆலைத் தொட்டியில் சேர்க்கப்பட்டது. யாக்கோப்சன் அதைத் தொழில் இரகசியமாகப் பூட்டிவைக்கவில்லை. பிற ஆலைகளுக்கும் இலவசமாகக் கொடுத்தார். போட்டி மிகுந்த தொழிலில் இது சாதாரணச் செயலன்று.

பெயரில் ஒரு குழப்பம்

கசப்பை உண்டாக்கிய காட்டு ஈஸ்டை ஹான்சன் சாக்கரோமைசிஸ் பாஸ்டோரியானஸ் I என்று குறித்தார். நல்ல ஈஸ்டுக்கு 1908இல் சாக்கரோமைசிஸ் கார்ல்ஸ்பெர்ஜென்சிஸ் என்று பெயரிட்டார். பின்வந்த வகைப்பாட்டாளர்கள் இரண்டையும் ஒரே இனத்தில் அடக்கிவிட்டனர். அதனால் இன்று உலகெங்கும் லாகர் பீர் வடிக்கும் ஈஸ்டின் பெயர், அன்று குற்றவாளியாக நின்றதன் பெயரே. பழைய நூல்களைப் படிக்கும் மாணவர்கள் இதில் எளிதில் தடுமாறுவர்.

இங்கிலாந்தில் வேறு கதை

லாகர் ஆலைகள் தூய ஈஸ்டை விரைவில் ஏற்றன. இங்கிலாந்தில் அது எடுபடவில்லை. நெடுநாள் மரப்பீப்பாயில் வைத்திருந்து விற்கும் அந்நாட்டுப் பீர், தூய ஈஸ்டில் வடித்தபோது தனக்குரிய மணத்தைப் பெறவில்லை. அதன் காரணத்தைக் கண்டவரும் கார்ல்ஸ்பெர்க்கைச் சேர்ந்தவரே. பீப்பாயில் மெல்ல நடக்கும் இரண்டாம் நொதித்தலைச் செய்வது வேறொரு ஈஸ்ட் என்று நீல்ஸ் ஹெல்டே கிளவுசன் 1904இல் லண்டனில் அறிவித்தார். அதற்கு அவர் இட்ட பெயர் பிரெட்டனோமைசிஸ், அதாவது ‘பிரித்தானியப் பூஞ்சை’. முதலில் தூய ஈஸ்டால் நொதிக்கவைத்து, பிறகு இதைத் தனியே சேர்க்கலாம் என்பது அவர் யோசனை.

இதே பிரெட்டனோமைசிஸ் திராட்சை மது ஆலைகளில் இன்றும் அஞ்சப்படும் கேடு. பெல்ஜியத்தின் லாம்பிக் பீரிலோ அது இல்லாமல் முடியாது. வீட்டில் பீர் வடிப்பவர்களில் சிலர் அதைப் பாக்கெட்டில் விலைக்கு வாங்குகிறார்கள். சிலர் அது ஒட்டிய குழாயையும் வாளியையும் தூக்கி எறிகிறார்கள்.