காலூன்ற ஒரு பலகை

வேய்தல் என்னும் வினை தமிழில் பெருமை வாய்ந்தது. கூரையையும் வேய்வர், தலையில் மலரையும் வேய்வர், முடி வேய்ந்தோனே வேந்தன் ஆனான் என்று சொல்லின் பிறப்பை ஆராய்வாரும் உளர். ஆயினும் முடி வேய்ந்தவனுக்குக் கிடைத்த ஏடுகளில் கூரை வேய்ந்தவனுக்கு ஒரு வரிகூட இல்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நெருங்கிக் கிடக்கும் எம் ஊர்களின் கதையைச் சொல்வோர், ஓலை போயிற்று, ஓடு வந்தது என்று முன்னேற்றத்தின் கணக்கைச் சொல்வர். அந்த ஓட்டை அடுக்கியவன் எதன்மேல் காலூன்றி நின்றான் என்று கேட்பார் இல்லை. நாம் அதையே கேட்க விரும்புகிறோம்.

கிடுகுக் கூரை தன்னைத் தானே ஏணியாக்கிக் கொண்டது. கைமரங்களின் குறுக்கே நெருக்கமாகக் கட்டிய வரிச்சுகள் ஒவ்வொன்றும் வேய்பவனுக்கு ஒரு படி. தாழ்வாரம் தாழ்ந்திருக்கும், கீழே வெண்மணல். தவறி விழுந்தவன் பெரும்பாலும் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தான். ஆண்டுதோறும், அல்லது இரண்டாண்டுக்கு ஒருமுறை, அயலவர் கூடி ஒரு பகலில் முடித்த வேலை அது. வெறுங்காலும் பழக்கமுமே அங்குப் போதுமான காவலாக இருந்தன.

பின்னர் ஓடு வந்தது. பாசல் மிஷனைச் சேர்ந்த ஜெர்மானியர் கெயார்க் பிளெப்ஸ்ட் என்பார் 1865இல் மங்களூரை அடுத்த ஜெப்புவில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் தட்டையோடு மேற்குக் கரை முழுதும் பரவிற்று; கடல் கடந்து இலங்கைக்கும் வந்தது. அதன் சிறப்பை நாம் மறுக்கவில்லை. தீப்பிடியாது, மழை ஒழுகாது, ஆண்டுக்கு ஆண்டு மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஓடு ஒன்று ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. சதுர மீற்றருக்குப் பதினைந்து ஓடு என்றால், நூறு சதுர மீற்றர்க் கூரைக்கு 1500 ஓடு. மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம். அதனைத் தாங்கச் சுவர் கல்லாயிற்று, உயர்ந்தது. முற்றத்து மணலைச் சீமெந்து மூடிற்று. நெருங்கிய வரிச்சு போய், ஓரடிக்கு ஒன்றாக மெலிந்த சிலாகை வந்தது. கூரையைப் பற்றிய யாவும் மாறின. அதன்மேல் ஏறியவனின் பழக்கம் ஒன்றே மாறவில்லை. கிடுகுக்குப் போதுமாயிருந்த வெறுங்காலோடே அவன் ஓட்டுக்கும் ஏறினான்.

எம் பகுதிக்கே உரிய ஒரு நெருக்கடியும் இதனோடு சேர்ந்தது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மணமகன் மணமகள் வீட்டுக்கு வருவான். ஆகவே பெண் பிள்ளைகள் எத்தனையோ அத்தனை வீடுகள். தந்தை நெல் விற்ற காசையும் கடனையும் கூட்டிச் சுவர் எழுப்புகிறார். நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிடுகிறார். கூரைதான் மிஞ்சி நிற்கிறது. வாடைக்காற்று மழையைக் கொண்டுவருமுன் ஓடு ஏறியாக வேண்டும். அவசரத்தில் முதலில் வெட்டப்படும் செலவு எது? சாரம். (இலங்கைத் தமிழிலே சாரம் என்றால் இடுப்பில் உடுப்பதும் உண்டு, கட்டடத்துக்குக் கட்டுவதும் உண்டு. கூரைமேல் நிற்பவனிடம் பெரும்பாலும் முன்னையது மட்டுமே இருக்கிறது.)

இந்தச் சாரத்துக்குச் சட்ட வரலாற்றிலும் ஒரு விந்தையான இடம் உண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் 1897இல் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தை நிறைவேற்றிற்று. வேலையில் காயமுற்றவன் முதலாளியின் தவற்றை மெய்ப்பிக்காமலே நட்டஈடு பெறலாம் என்றது அது. உழைப்பாளர் இயக்கம் மகிழ்ந்தது நியாயமே. ஆனால் கட்டட வேலைக்கு மட்டும் அச்சட்டம் ஓர் அளவுகோலை வைத்தது. கட்டடம் முப்பது அடிக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும்; அத்தோடு, கட்டுவதாயினும் செப்பனிடுவதாயினும், சாரத்தின் துணைகொண்டு நடக்க வேண்டும்; அல்லது இடிக்கப்பட வேண்டும்; அல்லது நீராவி போன்ற இயந்திர ஆற்றல் அங்கு இயங்க வேண்டும். இதன் பொருளை வாசகர் சற்று நின்று நோக்க வேண்டுகிறோம். இருபது அடி வீட்டுக் கூரையிலிருந்து விழுந்தவனுக்கு ஒன்றும் இல்லை. உயர்ந்த கட்டடத்திலேயே விழுந்தாலும், முதலாளி சாரம் கட்டாமல் விட்டிருந்தால் அவன் இப்பிரிவுக்கு வெளியே நின்றான். பாதுகாப்புக்குச் செலவிட்டவன் பொறுப்பாளி ஆனான், செலவிடாதவன் தப்பிக்கொண்டான். ஏணி சாரமா, இரண்டு முட்டுகளின்மேல் வைத்த பலகை சாரமா என்று நீதிமன்றங்களில் வழக்கறிஞர் வாதிட்டனர். உடைந்த இடுப்பெலும்போடு ஒருவன் கட்டிலில் கிடக்க, சொல்லுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்தார்கள். 1906ஆம் ஆண்டுச் சட்டமே அந்த அளவுகோலை நீக்கிற்று.

அதன் வழிவந்தவையே 1923ஆம் ஆண்டின் இந்தியச் சட்டமும், இலங்கையின் 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாளர் நட்டஈட்டுச் சட்டமும். 1937இல் சர்வதேசத் தொழில் அமைப்பு தன் 62ஆம் உடன்படிக்கையில், கட்டட வேலைக்கான பாதுகாப்பு விதிகளை வகுத்தது. ஏணியில் நின்று அச்சமின்றிச் செய்ய இயலாத வேலைக்குச் சாரம் வேண்டும் என்றும், குறித்த உயரத்துக்கு மேற்பட்ட கூரையில் வேலை செய்வோர் விழாதபடி ஏற்பாடு வேண்டும் என்றும் அது கூறுகிறது. முப்பது அடி மறைந்தது மெய். ஆனால் எம் ஊர் வீட்டுக் கூரைக்கு இச்சட்டங்கள் வந்து சேர்வதற்குள் வேறொரு கேள்வி குறுக்கிடுகிறது: முதலாளி யார்? வீட்டுக்காரர் கட்டடத் தொழில் நடத்துபவர் அல்லர். மகளுக்கு வீடு கட்டும் விவசாயி. கொந்தராத்து எடுத்த மேசனோ பெயர்ப்பலகையோ பதிவேடோ இல்லாதவர்; அவரும் அதே கூரையில்தான் நிற்கிறார். நாட்கூலிக்கு வந்த பையன் விழுந்தால், இருவரும் வைத்தியசாலை வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கின்றனர். சில நாட்களின் பின் பள்ளிவாசலில் ஒரு சிறு தொகை சேர்கிறது. அந்த ஈகையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. உரிமையின் இடத்தை ஈகை நிரப்ப வேண்டியிருப்பதையே சொல்கிறோம். அந்தப் பையன்களிற் பலர் நேற்றுவரை எம் வகுப்பில் முக்கோணங்களின் கோணங்களை அளந்தவர்கள்.

இரண்டு பேரழிவுகள் இந்நிலையைப் பெருக்கின. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி கிழக்குக் கரையின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. தென்னைகளும் வீழ்ந்தமையால் கிடுகுக்கு ஓலையும் அரிதாயிற்று. கிடைத்த தகரத்தையும் ஓட்டையும் கொண்டு ஊர் முழுதும் ஒரே காலத்தில் கூரையேறிற்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பின்னர் உதவிப் பணம் வந்தது, வீட்டுத் திட்டங்கள் வந்தன, முடிக்க வேண்டிய தவணைகள் வந்தன. வலை இழுத்தவனும் தறி நெய்தவனும் மேசனுக்குக் கையாளாயினர். விலை மலிந்த கல்நார்த் தகடு அப்போது பெருவாரியாகக் கூரையேறிற்று. அத்தகடு ஓட்டிலும் வஞ்சகமானது. தளம்போலத் தோன்றும், நடுவில் மிதித்தால் ஒடிந்து ஆளை உள்ளே விழுத்தும். மரச்சட்டத்தின்மேல் ஆணி ஓடும் வரிசையிலும் பலகை பரப்பியே நடக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு என்பதால் 2018 முதல் இறக்குமதியைத் தடுக்க அரசு முனைந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா எம் தேயிலையை நிறுத்திவைக்க, அத்தடை கைவிடப்பட்டது. கல்நாரை விற்கும் நாடும் ரஷ்யாவே. தேயிலை பறிப்பவளின் கூலியையும் கூரை வேய்பவனின் நெஞ்சையும் ஒரே தராசில் வைத்துப் பேரம் பேசியதை இதனினும் தெளிவாக யாரும் காட்ட இயலாது.

காலூன்ற வழி இல்லையா என்றால், எளிய வழியே உண்டு. மரச்சில்லுகளாற் கூரை வேயும் நாடுகளில், இரும்புத் தாங்கிகளைக் கூரையில் ஆணியடித்து, அவற்றின்மேல் பலகையிட்டு நிற்பர். ஆணி மேற்பலகையோடு நின்றுவிடாமல் கைமரத்துக்குள் இறங்க வேண்டும், அதுவே உயிர்நாடி. வரிசை முடிந்ததும் தாங்கியை மேல்நோக்கித் தட்டினால் கழன்றுவரும். ஆணி அடுத்த சில்லின்கீழ் மறைந்துவிடும். எம் ஓட்டுக் கூரையிலோ, கைமரத்தோடு இறுகக் கட்டிய கட்டையின்மேல் குறுக்குப் பலகை வைக்கலாம். சிலாகையை மட்டும் நம்பிக் கட்டுதல் ஆகாது. மிதிப்பதாயினும் சிலாகை கைமரத்தைச் சந்திக்கும் இடத்தில் மிதிக்க வேண்டும், இடையில் அன்று. ஓட்டை ஒரு புறமே குவிக்காமல் இரு சரிவிலும் சமமாக ஏற்ற வேண்டும். மிகக் கொடிய நேரங்கள் இரண்டு: தாழ்வாரத்தின் முதல் வரிசை, முகட்டோடு பூசும் கடைசி வேலை. முன்னதற்குச் சுவரோரமாகச் சாரம் வேண்டும். பின்னதற்குச் சிலாகை எல்லாம் மூடப்பட்டிருக்குமாதலால், முகட்டின் மறுபுறம் கொக்கி மாட்டிக் கிடக்கும் கூரை ஏணி வேண்டும்.

பலகையே முழுக் காவல் என்று கொள்வதும் பிழை. அமெரிக்காவில் 1994இல் ஆறடிக்கு மேற்பட்ட கட்டட வேலைக்கெல்லாம் விழாக்காவல் கட்டாயமாயிற்று. வீட்டுக் கூரை வேலைக்கு மட்டும், வழுக்கலைத் தடுக்கும் பலகை போதும் என்று 1995இல் ஒரு தளர்வு அளித்தனர். 2010 டிசம்பரில் அத்தளர்வை மீட்டுக்கொண்டனர். பலகை வழுக்குபவனை நிறுத்தக்கூடும். கவிழ்ந்தவனைப் பிடிப்பது கயிறும் கச்சையுமே. செல்வ நாட்டிலும் தாழ்ந்த கூரைக்கே சலுகை முதலில் கிடைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

எம் ஊர்க் கொந்தராத்துக் கடதாசிகளில் சீமெந்து மூட்டையும் மணலும் ஓட்டின் எண்ணிக்கையும் மேசன் கூலியும் ஒழுங்காக எழுதப்படுகின்றன. முகட்டில் பூசும் வர்ணத்துக்குக்கூட ஒரு வரி இருக்கும். சாரத்துக்கும் கயிற்றுக்கும் ஒரு வரி இல்லை. கொங்கிறீற்றுக்கு அச்சாக அடித்துக் கழற்றிய பலகைகளோ அதே வளவின் வேலி மூலையில், ஆணி பிடுங்கப்படாமல், வீடு குடிபுகும் நாள்வரை அடுக்கிக் கிடக்கின்றன.