மதுரையின் குன்றுப் புறநகர்கள்: அடிவாரம் காத்த அருகன் திருமேனிகள்

வையைக் கரையில் சமவெளியில் அமைந்த மாநகரம் மதுரை. ஆயினும் அந்நகரைச் சூழ்ந்து குன்றுகள் காவல் நிற்கின்றன. மேற்கே நாகமலையும் சமணர்மலையும், தென்மேற்கே திருப்பரங்குன்றமும், வடகிழக்கே யானைமலையும், வடக்கே அழகர்மலையும் உள்ளன. இக்குன்றுகள் சிலவற்றின் அடிவாரங்களில் இன்று நாகமலைப் புதுக்கோட்டை, கீழக்குயில்குடி, திருப்பரங்குன்றம், நரசிங்கம், ஒத்தக்கடை ஆகிய புறநகர்ப் பகுதிகள் வளர்ந்துள்ளன. வேறு பல நகரங்களில் மலைச்சரிவுகள் செல்வர்தம் மாளிகைகளுக்கு உரியனவாயின. மதுரையின் குன்றுகளோ முதலில் துறவோரின் உறைவிடங்களாக விளங்கின. அங்கிருந்த சமணப் பள்ளிகள் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னும் அருகன் திருமேனிகள் நிலைத்திருப்பதற்குக் காரணம் யாது? அடிவார ஊர்களின் வரலாறே அதற்கு விடை பகர்கின்றது.

சமண முனிவர் இல்லம் துறந்தவர். உணவுக்கு ஊரை நாடுபவர். எனவே அவர் தங்குமிடம் நகரின் ஆரவாரத்திற்கு அப்பாலும், நடந்து சென்று உணவு ஏற்கும் தொலைவிலும் இருத்தல் வேண்டும். மழைக்கால நான்கு திங்களும் ஓரிடத்தில் தங்கி நோன்பு காத்தல் மரபு. இவ்விரு தேவைகளுக்கும் மதுரைக் குன்றுகளின் இயற்கைக் குகைகள் பொருந்தின. இல்லறத்தார் அவற்றுள் கற்படுக்கைகள் வெட்டுவித்தனர். மழைநீர் உட்புகாதவாறு குகையின் நெற்றியில் காடி செதுக்குவித்தனர். கொடுத்தோர் பெயரைத் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்தனர். மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றுள் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை ஐராவதம் மகாதேவன் 1965-இல் எடுத்துக்காட்டினார். பாண்டியனின் அலுவலரும் வெள்ளறை வணிகக் குழுவினரும் அங்குள்ள முனிவர்க்குப் பள்ளி அமைத்தனர். திருப்பரங்குன்றத்துக் கல்வெட்டொன்று ஈழத்தைச் சேர்ந்த குடும்பத் தலைவர் ஒருவரின் கொடையைக் குறிக்கின்றது. அரசும் வணிகமும் நகரில் இருந்தன. அவை போற்றிய அறம் குன்றில் இருந்தது.

ஏழாம் நூற்றாண்டின் சமயப் பூசலோடு மதுரைச் சமணம் முடிவுற்றது எனப் பலர் கருதுவர். கல்வெட்டுகள் அவ்வாறு கூறவில்லை. கீழக்குயில்குடிச் சமணர்மலையில் இன்று நாம் வணங்கும் திருமேனிகள் பெரும்பாலும் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்தவை. பேச்சிப்பள்ளத்தில் பாகுபலி, பார்சுவநாதர் உள்ளிட்டோரின் திருவுருவங்கள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் கீழ் வட்டெழுத்துகள் விளங்குகின்றன. அத்திருமேனிகளுள் ஒன்றை அச்சணந்தி அடிகளின் தாயார் குணமதியார் செய்வித்தார். மைந்தர் பல குன்றுகளில் திருவுருவங்களை அமைப்பித்த பெருந்தகை. அன்னையின் பெயரும் அதே கல்லில் நின்று நிலவுவது நம் குலமகளிர்க்குப் பெருமை தருவதாகும். வெண்புநாட்டுக் குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சார்ந்த ஆசிரியர், மாணாக்கர் பெயர்களும் இம்மலையில் காணப்படுகின்றன. மேலே மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளமும், உச்சியில் கன்னடக் கல்வெட்டும் உள்ளன. பூசல் நிகழ்ந்ததாகக் கூறப்படும் காலத்திற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் இங்குக் கல்வியும் துறவும் தழைத்தன என்பதற்கு இவையே சான்று.

யானைமலை இன்னும் அரிய செய்தியொன்றைத் தருகின்றது. படுத்திருக்கும் களிறு போன்ற அம்மலையின் அடியில், பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி கி.பி. 770-இல் நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தார். அவர்தம் இளவல் மாறன்எயினன் அதனை நிறைவு செய்தார். அதே மலையின் மேற்பகுதியில் பின்னர்த் தீர்த்தங்கரர் திருமேனிகள் செதுக்கப்பெற்றன. அவற்றின் கீழுள்ள வட்டெழுத்துகள், அத்திருமேனிகள் நரசிங்கமங்கலத்துச் சபையார் முதலியோரின் பாதுகாப்பில் வைக்கப்பட்டதைக் கூறுகின்றன. நரசிங்கப் பெருமாளை வழிபட்ட ஊரின் சபை அருகன் திருமேனிக்குக் காவல் ஏற்றது. பிற்காலக் கதைகள் கூறும் பகையைக் காட்டிலும் இக்கல் கூறும் இணக்கம் உறுதியானது.

காலப்போக்கில் பள்ளிகள் ஒடுங்கின. மலைகளில் துறவோர் இலராயினர். ஆயினும் அடிவார மக்கள் மலையைக் கைவிடவில்லை. தமக்குத் தெரிந்த பெயர்களால் அழைத்தனர். நீண்ட காதுகளுடன் அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரரைச் செட்டியார் எனக் கருதிக் குகையைச் செட்டிப்புடவு என்றனர். இயக்கியரைத் தம் தெய்வமான பேச்சியாகக் கண்டனர். கற்படுக்கைகளைப் பாண்டவர் படுக்கை என்றனர். கீழக்குயில்குடியில் தாமரைக் குளமும் அய்யனார் கோயிலும் மலையின் வாயிலில் இன்றும் உள்ளன. பெயர் மாறியது, மதிப்பு மாறவில்லை. தெய்வம் உறையும் இடம் என்ற எண்ணமே சிலைகள் மீது உளி படாமல் தடுத்த வேலியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரம் குன்றுகளை நெருங்கியது. 1965-இல் யானைமலைப் பக்கம் வேளாண்மைக் கல்லூரியும், 1966-இல் நாகமலை அருகே பல்கலைக்கழகமும் தோன்றின. 2004-இல் மேலூர்ச் சாலையில் உயர் நீதிமன்றக் கிளை திறக்கப்பட்டது. 2011-இல் திருப்பரங்குன்றம் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி 72 வார்டுகளிலிருந்து 100 வார்டுகளாக விரிந்தது. மனை விலை உயர்ந்தது. வீடு கட்டக் கல்லும் சல்லியும் தேவைப்பட்டன. கிரானைட் வணிகம் மதுரையின் கிழக்குப் பகுதியில் குன்றுகளையே அறுத்தெடுத்தது. இரண்டாயிரம் ஆண்டுகள் மழையும் வெயிலும் செய்யாததை வெடிமருந்து ஒரு நாளில் செய்ய வல்லது.

அப்போதும் தடுத்து நின்றோர் அடிவார மக்களே. யானைமலையைக் குடைந்து சிற்பநகரம் அமைக்கும் திட்டம் எழுந்தபோது சுற்று ஊரார் ஒன்றுகூடி எதிர்த்தனர், திட்டம் கைவிடப்பட்டது. கற்படுக்கையும் தீர்த்தங்கரர் திருமேனியும் உடைய அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்துடன் சேர்ந்து 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பரில் முடிவாயிற்று. ஊர்கள் திரண்டு எழுந்தன. 2025 சனவரியில் நடுவண் அரசு அந்த ஏலத்தை நீக்கியது. அம்மக்களுள் பெரும்பாலோர் சமணர் அல்லர். எனினும் நரசிங்கமங்கலத்துச் சபையார் அன்று ஏற்ற கடமையை அவர்கள் இன்று நிறைவேற்றினர்.

வந்தவாசி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களில் வாழும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் மதுரைக் குன்றுகளுக்கு யாத்திரை செல்லும்போது இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. திருமேனிகளுக்கு எண்ணெய் பூசாமலும், கற்படுக்கைகளில் பெயர் எழுதாமலும், குப்பை இடாமலும் வழிபடுதல் முதற்கடமை. அடிவார ஊரின் பெரியோரைக் கண்டு நன்றி கூறுதலும், அவ்வூர்ப் பள்ளிச் சிறாருக்கு மலையின் வரலாற்றை எடுத்துரைத்தலும் அடுத்த கடமை. மலைமேல் உள்ள அருகனை வணங்கும் கைகள் மலையடியில் வாழும் மக்களையும் கூப்பித் தொழுவனவாகுக.