பறிபோன சன்னதும் வாலேஸ்வரன் என்ற பெயரும்

முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு கலக்குமிடத்தை அண்டி நின்று தெற்கே நோக்கினால் கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். 1907ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலிருந்து 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் இத்துறைமுகத்துக்கு வந்து போயின. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பனியின் கப்பல்கள் அவை. அவற்றை வாங்குவதற்கு முன்பு, வாடகைக்கு அமர்த்திய கப்பலொன்றை வெள்ளையர் கம்பனியின் நெருக்குதலால் இழந்தபோது, வேறொரு கப்பலைக் கொழும்பிலிருந்தே வ.உ. சிதம்பரம்பிள்ளை வாடகைக்குப் பிடித்தார் என்பது இங்குள்ள பலரும் மறந்துவிட்ட செய்தி.

கப்பலோட்டிய கதையைத் திரைப்படம் முதலாகப் பாடப்புத்தகம் ஈறாக நாம் போதுமான அளவு கேட்டாயிற்று. நான் எழுத விரும்புவது அதனையன்று. வ.உ.சி. தொழிலால் வக்கீல். தந்தையாரும் வக்கீலே. 1894இல் வக்கீல் தேர்வில் தேறி, பிறந்த ஊரான ஒட்டப்பிடாரத்திலும் பின்னர் தூத்துக்குடியிலும் அவர் தொழில் நடத்தினார். சிறைத்தண்டனையோடு அந்தத் தொழிலும் பறிபோயிற்று. சிறை முடிந்த பின்னரும் அது உடனே திரும்பவில்லை. பெரும்பாலான வரலாறுகள் ஒரே வாக்கியத்தில் கடந்து போகும் இடம் இது.

1908 மார்ச் 12ஆம் திகதி அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7ஆம் திகதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, இராஜத்துரோகத்துக்காக இருபது ஆண்டுகளும், சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாயிருந்தமைக்காக மேலும் இருபது ஆண்டுகளும் எனத் தீர்ப்பளித்தார். மேன்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதனை ஆறாண்டுகளாகக் குறைத்தது. (நம்மூர் வழக்கில் அதனை மேல் நீதிமன்றம் என்பதே பொருந்தும், நமக்கு உயர் நீதிமன்றம் என்றால் நாட்டின் தலைமை நீதிமன்றம்.) கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்தார், கண்ணனூர்ச் சிறையிலும் இருந்தார். 1912 டிசம்பரில் விடுதலையானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவருக்கு எவரும் மன்னிப்பு வழங்கவில்லை. அவர் எவரிடமும் மன்னிப்புக் கோரவுமில்லை. விதித்த தண்டனையை, சிறை வழக்கப்படியான கழிவு போக, அனுபவித்து முடித்து வெளியே வந்தவர். கணக்குத் தீர்ந்தது என்று அரசு சொல்லிவிட்டது. நீதிமன்றப் பதிவேடு அவ்வாறு சொல்லவில்லை.

அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம். வக்கீலாயிருக்கத் தகுதியற்றவராக்கும் குணக்கேட்டைக் காட்டும் குற்றம் எதற்காயினும் ஒரு வக்கீல் தண்டிக்கப்பட்டால், அவரை இடைநிறுத்தவோ நீக்கவோ உயர் நீதிமன்றத்துக்கு அதன் 12ஆம் பிரிவு அதிகாரமளித்தது. 'குணக்கேடு' என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. கட்சிக்காரரின் பணத்தைக் கையாடியவனுக்கும் பொய்ப் பத்திரம் புனைந்தவனுக்கும் அச்சொல் பொருந்தும். மேடையில் நின்று ஆட்சியைக் கண்டித்துப் பேசியது எந்தக் குணத்தின் கேடு? கோரல் மில் தொழிலாளருக்காக வாதாடியதும் கேடுதானா?

விடுதலையான வக்கீலுக்குச் சன்னது இல்லையென்றால் என்ன நேரும் என்பதை வ.உ.சி.யின் அடுத்த பத்தாண்டுகள் காட்டுகின்றன. சென்னையில் மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் வைத்தார். கோயம்புத்தூரில் வங்கியொன்றில் மேலாளராக இருந்தார். தென்னாபிரிக்க இந்தியர் தமக்கெனத் திரட்டிய பணத்துக்காக 1915-16இல் காந்தியடிகளோடு கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. பத்து இலட்சம் ரூபா மூலதனத்தில் கம்பனி கண்டவர், சில நூறு ரூபாவுக்குக் காத்திருந்தார்.

1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ், ஒத்துழையாமையை ஏற்றுச் சட்டத்தரணிகள் நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டுமென்றது. மோதிலால் நேருவும் இராஜாஜியும் கொழுத்த வருமானத்தை உதறினர். காந்தியடிகளோடு உடன்படாமல் வ.உ.சி. காங்கிரஸிலிருந்து விலகினார். ஏனையோர் வக்கீல் தொழிலைத் துறந்த அந்தப் பத்தாண்டிலேதான் அவர் தமது தொழிலைத் திருப்பித் தருமாறு நீதிமன்றத்தை நாடினார். இதனைச் சறுக்கல் என்று எண்ணுவோர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. தாமாகத் துறப்பதற்குக் கையில் ஏதேனும் இருக்க வேண்டும். அவரிடமிருந்ததை அரசு ஏற்கனவே பறித்துவிட்டது. பறித்த இடத்தில்தானே திருப்பிக் கேட்க முடியும்?

சன்னதை மீளப் பெற உதவியவர் ஈ.எச். வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. தமது கடைசி மகனுக்கு வ.உ.சி. வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். வாலஸின் பெயரை ஈசுவரனோடு சேர்த்து, ஒரு சைவக் குடும்பத்தில் எவரும் உறுத்தலின்றி அழைக்கக்கூடிய பெயராக்கிவிட்டார். ஓர் ஆங்கிலேயர் இருபதும் இருபதுமாகச் சிறை விதித்தார். இன்னோர் ஆங்கிலேயர் தொழிலைத் திருப்பியளித்தார். நன்றியைத் தமது வீட்டுக்குள்ளேயே பெயராக வைத்துக்கொண்டவர், ஆட்சியைப் பற்றிய தமது கருத்தை அதற்காக மாற்றிக்கொள்ளவில்லை. 1927இல் சேலத்தில் கூடிய அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்து மீண்டும் காங்கிரஸுக்குள் வந்தார்.

மன்னிப்பு வேறு, மீளச் சேர்த்தல் வேறு என்ற இந்த வழக்கு உலகின் பல நாடுகளில் எழுந்ததுண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பின் செனட்டராயிருந்த ஆகஸ்டஸ் கார்லண்டுக்கு 1865இல் ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜோன்சன் முழு மன்னிப்பளித்தார். ஆனால், கிளர்ச்சிக்கு என்றுமே துணைபோனதில்லை எனச் சத்தியம் செய்யாத எவரும் சமஷ்டி நீதிமன்றங்களில் வாதாட முடியாதென அவ்வாண்டில் ஒரு சட்டம் வந்திருந்தது. 1867இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கார்லண்டின் பக்கம் நின்றது: முழு மன்னிப்புப் பெற்றவர் குற்றமே செய்யாதவருக்கு ஒப்பானவர். வாதாடுவது உரிமையன்று, தகுதி பார்த்துத் தரப்படும் சலுகை என்பது மாற்றுக் கருத்துடையோர் நிலை. கார்லண்டோ பின்னர் அந்நாட்டின் சட்டமா அதிபராகவே ஆனார்!

காந்தியடிகளையும் இராஜத்துரோகத்துக்காகவே 1922 மார்ச்சில் தண்டித்தனர், அவருக்கும் ஆறாண்டுகள்தான். அவ்வாண்டு நவம்பரில் இலண்டன் இன்னர் டெம்பிள் அவரது பெயரை நீக்கியது. 1988இல் மீண்டும் சேர்த்தது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளாகியிருந்தன. தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சியை எதிர்த்ததற்காக 1965இல் பெயர் நீக்கப்பட்ட பிராம் பிஷருக்கும் 2003இல்தான், இறந்த பின்னரே, இடம் மீண்டது. அழகான சடங்குகள்தாம், ஆனால் அவற்றால் எவருடைய அடுப்பும் எரியவில்லை. வ.உ.சி.க்கு உயிரோடிருக்கையில் கிடைத்தது.

நமது நாட்டில் இந்த அதிகாரம் உயர் நீதிமன்றத்திடம் உள்ளது. 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டம், 'நற்பெயரும் தகுந்த அறிவும் ஆற்றலும்' உடையோரைச் சட்டத்தரணிகளாகச் சேர்க்க அதன் 40ஆம் பிரிவாலும், நீக்க 42ஆம் பிரிவாலும் அதற்கு அதிகாரமளிக்கிறது. மன்னிப்பளிக்கும் அதிகாரமோ அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையின்படி ஜனாதிபதியிடம் இருக்கிறது. ஜனாதிபதி தண்டனையை நீக்கலாம். நற்பெயரை அவரால் எழுதித்தர இயலாது. புதுக்கடையில் இதனை எவரிடம் கேட்டாலும் ஒப்புக்கொள்வர். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர் பதிவு பெறுவதற்குள்ள தடை விடுதலைக்குப் பின் இரண்டாண்டுகளில் நீங்குமெனக் காலவரையறை வைத்திருக்கிறது. இன்றைய திருடனுக்கு இரண்டாண்டு. அன்றைய தேசபக்தருக்கு எத்தனை ஆண்டுகள் என்று பாருங்கள்.

கட்சிக்காரரை ஏமாற்றியவர் திரும்பி வரும்போது, நீர் திருந்திவிட்டீரா என்று நீதிமன்றம் கேட்பது நியாயம். நாளை அவரிடம் பணத்தை ஒப்படைக்கப் போகும் ஏழைக்காகக் கேட்கப்படும் கேள்வி அது. தனது வார்த்தைக்காகச் சிறை சென்றவனிடமும் அதே கேள்வியைக் கேட்டால், அது கருத்தை விற்று அங்கியை வாங்கிக்கொள் என்பதாகிவிடும். வ.உ.சி. விற்காமலே வாங்கினார்.

அதன் பின் கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். 1932இல் தூத்துக்குடிக்குத் திரும்பினார். பழைய வருமானம் திரும்பவில்லை. 1936இல் எழுதிய உயிலில் கடைக்காரருக்குத் தாம் தரவேண்டிய கடன்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார். அவ்வாண்டு நவம்பர் 18ஆம் திகதி, தமது விருப்பப்படியே தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே கண் மூடினார்.