பழைய வீடுகளின் வெளிச்சுவருக்கு வெப்பக் காப்பு: குறைந்த செலவில் தேர்ந்தெடுப்பது எப்படி?

வரதய்யபாளையம்: திருப்பதி மாவட்டத்தின் வரதய்யபாளையம் போன்ற ஊர்களில் கோடையில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதுண்டு. பழைய வீடுகளின் 9 அங்குலச் செங்கற்சுவர்கள் பகல் முழுவதும் வெப்பத்தை உள்வாங்கி, இரவில் அறைக்குள் வெளியிடுகின்றன. செலவுக்கேற்ற தீர்வைத் தேர்வு செய்வதற்கான வழிமுறைகள் இங்கே:

முதலில் எந்தச் சுவர்?

மே மாதத்தில் நண்பகல் சூரியன் இப்பகுதியில் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்பதால், தெற்குச் சுவரில் வெயில் குறைவு. பிற்பகல் வெயில் முழுவதும் மேற்குச் சுவரில் விழுகிறது. எனவே நான்கு சுவர்களுக்கும் செலவிடத் தேவையில்லை. ஒரு மாடி வீட்டில் சுவரைவிட மொட்டை மாடி வழியாகவே அதிக வெப்பம் இறங்குவதால், முதல் செலவு அதற்கே உரியது.

செலவு குறைந்த வழிகள்

மேற்குச் சுவரையொட்டிய கீற்றுப் பந்தல், கொடி அல்லது மரநிழல், வெயில் சுவரைத் தொடுமுன்பே தடுக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும்.

காப்புப் பலகைகள்

குளிர்சாதனம் இயங்கும் அறைகளுக்கே இவை கூடுதல் பயன் தரும். சுவரின் வெளிப்புறத்தில் 2 அங்குலத் தெர்மோகோல் பலகை ஒட்டி, கண்ணாடி இழை வலை பதித்துப் பூசினால், சுவர் வழியே பாயும் வெப்பம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறையும் எனக் கணக்கிடலாம். எனினும் தெர்மோகோல் தீப்பற்றக்கூடியது. 2017-ல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில், எரியக்கூடிய வெளிச்சுவர்ப் பொருட்கள் வழியே தீ பரவி 72 பேர் உயிரிழந்தனர். சமையலறை, மின் இணைப்புப் பெட்டி ஆகியவற்றை ஒட்டிய சுவர்களுக்கு, விலை கூடினாலும், எரியாத பாறைக் கம்பளிப் பலகைகளே பாதுகாப்பானவை.

கவனிக்க வேண்டியவை

ஈரக்கசிவு, விரிசல் ஆகியவற்றைச் சரிசெய்த பின்னரே காப்பு அமைக்க வேண்டும். மண் அல்லது சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர்களை நெகிழிப் பூச்சால் மூடினால், ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைச் சிதைக்கும். குளிர்சாதனம் இல்லாத வீடுகளில் இரவில் சன்னல்களைத் திறந்து வைப்பது அவசியம். இல்லையெனில் உள்ளே சேர்ந்த வெப்பம் வெளியேறாது.

மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட 'எகோ நிவாஸ் சம்ஹிதா' விதித்தொகுப்பு, குளிர் மண்டலம் தவிர்த்த பகுதிகளில், கூரை நீங்கலான வெளிப்புறம் வழியே நுழையும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 15 வாட் என உச்சவரம்பு விதித்துள்ளது. இது புதிய குடியிருப்புகளுக்கானது எனினும், பழைய வீட்டைச் சீரமைப்போருக்கும் நல்ல அளவுகோலாகும்.